துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நாய் என்ன செய்யும்?

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த வீட்டில் ஆளுக்குக் குறைவிருக்காது. வாசலில் பந்தல், வாடகை நாற்காலி, அண்டா நிறையக் காப்பி, அடுப்படியே கதியென்று கிடக்கும் ஒரு அத்தை, "அழாத, நீ அழுதா பிள்ளைகளுக்கு யாரு தைரியம் சொல்லுவா" என்று அரை மணிக்கொரு தரம் சொல்ல ஒரு சித்தி. பதினேழாம் நாள் காலையில் வாடகைக்கடைக்காரர் வந்து நாற்காலிகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போவார். அத்தையும் பஸ் ஏறிவிடுவார். அதற்கப்புறம் அந்த வீட்டில் இருப்பவர் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை.

அந்தப் பதினேழாம் நாளுக்குப் பிறகு ஒரு நாய் கூட இருந்தால் நல்லது என்கிறார்கள். உண்மையா, உண்மையென்றால் எப்படி, யாருக்கு அது ஒத்துவராது என்பதை, இதைப் பற்றி இப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் மனநல மருத்துவன் இல்லை. அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்துத் தப்புச் செய்தவன், அது ஏன் தப்பாகப் போனது என்று தெரிந்துகொள்ள நிறையப் படித்தவன், அவ்வளவுதான்.

துக்கம் ஒரு படிக்கட்டு இல்லை

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டு என்று நீங்களும் எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. இதைச் சொன்னவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர், 1969-இல். அவர் முதலில் பேசியது சாவை எதிர்பார்த்துப் படுக்கையில் இருந்த நோயாளிகளின் மனநிலையைப் பற்றி. பின்னால்தான் அது இறந்தவரின் வீட்டாருக்கும் பொருத்தப்பட்டு, ஏதோ ஐந்து வகுப்பு பாஸ் செய்தால் துக்கம் தீரும் என்கிற மாதிரி ஊரெல்லாம் பரவிவிட்டது. என் அம்மாவிடம் இந்த ஐந்தையும் ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் நான் பார்த்திருக்கிறேன், வரிசை மாறி.

எனக்குப் புரிந்த விளக்கம் வேறு. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999-இல் எழுதியது. துக்கப்படுகிறவருக்கு இரண்டு பக்கம் வேலை இருக்கிறது என்கிறார்கள். ஒன்று இழப்பின் பக்கம்: அழுவது, போட்டோவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது, கடைசி நாளைத் திரும்பத் திரும்பப் பேசுவது. இன்னொன்று வாழ்க்கையின் பக்கம்: பேங்கில் பெயர் மாற்றுவது, கேஸ் சிலிண்டர் புக் பண்ணக் கற்றுக்கொள்வது, ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட்டு வடிப்பது. மனம் இந்த இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரிப் போய் வர வேண்டும். அழுகிற பக்கமே நின்றுபோனாலும் சரிப்படாது, அழவே நேரம் இல்லை என்று வேலையாகவே திரிந்தாலும் சரிப்படாது. போவதும் வருவதும் இருந்தால், நாளாக ஆக மனம் தேறும்.

இங்கேதான் நாய் வருகிறது. நாய் துக்கத்தைக் குறைப்பதில்லை. நின்றுபோன ஊஞ்சலை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மூக்கால் தள்ளிவிடுகிறது. நாய் வளர்ப்பவர்கள் இதைக் கேட்டால், "என்னது, அவ்வளவுதானா? அதோட பாசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்று கோபப்படுவார்கள். பாசத்துக்கு வருகிறேன். அதற்கு முன் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

செருப்பு

அப்பா இறந்து நாற்பது நாள் இருக்கும். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அம்மா தனியாக இருந்தார், சென்னைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். நானும் ஒரு நல்ல மகனாக நினைத்துக்கொண்டு, இரண்டு மாத லேப்ரடார் குட்டி ஒன்றைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் கொஞ்சினார்கள், அம்மாவும் லேசாகச் சிரித்தார், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஊர் திரும்பினேன்.

இரண்டு மாதக் குட்டி இரவில் தாயைத் தேடி அழும், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மூத்திரம் பெய்யும், பல் ஊறுவதால் கண்டதையும் கடிக்கும். ஏற்கெனவே தூக்கம் போன ஒரு வீட்டுக்குள் நான் இதைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். பத்தாவது நாள் அது திண்ணைக்குக் கீழே கிடந்த அப்பாவின் செருப்பை எடுத்துக் கடித்துவிட்டது, இடது கால் வார் மொத்தமும் போச்சு. அந்தச் செருப்பை அம்மா தூக்கிப் போடாமல் அதே இடத்தில் வைத்திருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மா குட்டியை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. போனில், "ஏல, இத வந்து கூட்டிட்டுப் போயிரு" என்று மட்டும் சொன்னார். அந்தக் குட்டி இப்போது சென்னையில் எங்கள் வீட்டில் நாலு வயது ஆளாகச் சோபாவில் படுத்திருக்கிறது.

தப்பு எங்கே என்றால், காலியான இடத்தில் எதையாவது வைத்து அடைத்துவிடலாம் என்று நினைத்ததில். அம்மா அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்றுதான் செருப்பைக் கூட எடுக்காமல் வைத்திருந்தார். 1996-இல் டென்னிஸ் கிளாஸ் என்பவரும் கூட இருந்த ஆய்வாளர்களும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இறந்தவரோடு உள்ள உறவை அறுத்துவிட்டு முன்னே நடப்பதுதான் தேறுதல் என்று அதுவரை பலரும் நினைத்தார்கள். அப்படி இல்லை, அந்த உறவு வேறு உருவத்தில் தொடர்கிறது, தொடர்வது நோயும் அல்ல என்றார்கள் இவர்கள். வருடா வருடம் திவசம் கொடுத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, "அவுக வந்துட்டாக" என்று சொல்கிற நமக்கு இது புதுச் செய்தியா என்ன?

ஆறு மணி

சரி, அப்புறம் என்ன நடந்தது. எங்கள் தெருவில் ஒரு செவலை நாட்டு நாய் உண்டு, பெயர் மணி. ரிட்டயர் ஆன நாளிலிருந்து அப்பா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டீக்கடையில் இரண்டு பொறை வாங்கி வந்து, கேட்டுக்குள் வைத்து அதற்குப் போடுவார். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. திண்ணையைத் தாண்டி ஒரு நாளும் விட்டதில்லை.

அப்பா போன பிறகும் அது ஆறு மணிக்கு வந்து நின்றது. அம்மா கண்டுகொள்ளவில்லை. அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும், மறுநாளும் வரும். லேப்ரடார் குட்டியை நான் திரும்பக் கூட்டிப்போன பிறகு ஒரு நாள் மத்தியானச் சோற்றில் மோர் ஊற்றி வெளியே வைத்திருக்கிறார். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "அதுக்கென்ன தெரியும், அவுக செத்தது. ஆறு மணியானா வந்து நிக்கி" என்றார்.

அன்றிலிருந்து அம்மாவின் நாளில் ஒரு ஆணி அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆறு மணிக்குச் சோறு வேண்டுமென்றால் மத்தியானம் உலை வைத்தாக வேண்டும். தனக்கு வேண்டாம் என்று பட்டினி கிடந்தவர், நாய்க்காக வடித்த சோற்றில் தானும் இரண்டு வாய் தின்றார். துக்கத்தில் முதலில் குலைவது நேரம்தான். எப்போது தூங்குவது, எப்போது தின்பது, இன்றைக்கு என்ன கிழமை என்பதே தெரியாமல் போகும். மனிதர்கள் அதைச் சரிசெய்யப் பார்த்தால் புத்திமதி ஆகிவிடுகிறது. "நேரத்துக்குச் சாப்பிடு" என்று நான் போனில் ஐம்பது தடவை சொன்னேன், ஒரு பலனும் இல்லை. நாய் எதுவும் சொல்லவில்லை, அதற்குப் பசித்தது. தன்னை யாரும் கவனித்துக்கொள்வதை விரும்பாத ஒருவர் கூட, பசித்து நிற்கும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்கச் சிரமப்படுவார். நாயிடம் நாம் பெறுவதைவிட நாய் நம்மிடம் கேட்பதுதான் பெரிய உதவி என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அடுத்தது, வெளியே போவது. சிறிய ஊரில் புருஷன் செத்த ஒரு பெண் ஆறு மாதத்துக்குள் சாயங்காலம் காலாற நடந்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் நாய்க்குப் பொறை வாங்க டீக்கடைக்குப் போனால் யாரும் ஒன்றும் சொல்லமுடியாது. நாய் கூடவே வரும், வழியில் இரண்டு பேர் நின்று, "என்ன, மணி உங்க கூடயே சுத்துதான்" என்பார்கள், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டிவரும். செத்தவரைப் பற்றிப் பேசாமல் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தில் ஜூன் மெக்நிகலஸும் கிளின் காலிஸும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார்கள். ஒரே ஆள் நாயோடு போனாலும் நாயில்லாமல் போனாலும் எத்தனை பேர் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், நாயோடு போகும்போது எண்ணிக்கை தெளிவாகவே கூடுகிறது, அவர் கந்தலாக உடுத்தியிருந்தாலும் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலர் சொல்லக் கூச்சப்படுவது. நம் வீடுகளில் வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் தொடுவதே அபூர்வம். கணவனோ மனைவியோ போய்விட்டால், தொடுகிற ஒரே ஆளும் போய்விட்டார் என்று பொருள். மகன் வந்தால் பைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருக்கியாம்மா" என்பதோடு சரி. அந்த வெற்றிடத்தில் ஒரு சூடான உடம்பு வந்து காலில் சாய்ந்து படுப்பது சின்ன விஷயமில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

பாசத்துக்கு வருகிறேன் என்றேன் அல்லவா. ஆக்ஸிடோசின் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. பிரசவத்திலும் பால் கொடுக்கும்போதும் தாயின் உடம்பில் ஊறுவது, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் உண்டாவதில் இதற்குப் பங்குண்டு. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹோ நாகசவா, தகெஃபுமி கிகுசுய் குழு 2015-இல் ஒரு சோதனை செய்தது. நாயையும் வளர்ப்பவரையும் ஒரு அறையில் அரை மணி நேரம் விட்டுவிட்டு, முன்னும் பின்னும் இருவரின் சிறுநீரையும் சோதித்தார்கள். எந்த ஜோடி நீண்ட நேரம் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டதோ, அந்த ஜோடியில் மனிதருக்கும் நாய்க்கும் இரண்டு பேருக்குமே ஆக்ஸிடோசின் கூடியிருந்தது. குட்டியிலிருந்து கையால் வளர்த்த ஓநாய்களிடம் இப்படி நடக்கவில்லை. மனிதரோடு பல ஆயிரம் வருடம் சேர்ந்து வாழ்ந்ததில் நாய் கற்றுக்கொண்ட வித்தை இது என்கிறார்கள்.

பதற்றத்தின் ஹார்மோனான கார்ட்டிசால் பக்கமும் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தடவிக்கொடுத்தவர்களின் எச்சிலில் கார்ட்டிசால் குறைந்திருந்தது. பத்து நிமிடத்து நிம்மதி, அவ்வளவே. அதை வைத்து, நாய் வளர்த்தால் மனச்சோர்வு போய்விடும் என்று தாவிவிடக்கூடாது.

துக்கத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டான் கார் குழு 2020 வாக்கில் வெளியிட்டது. நடுவயது தாண்டிய அமெரிக்கர்களில் துணையை இறப்பிலோ விவாகரத்திலோ இழந்தவர்களைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் மனச்சோர்வு கூடத்தான் செய்தது. வீட்டில் ஒரு செல்லப்பிராணி இருந்தவர்களுக்குக் கூடிய அளவு குறைவாக இருந்தது. கவனியுங்கள், அவர்களிடம் இழப்புக்கு முன்பே நாயோ பூனையோ இருந்தது. சாவுக்குப் பிறகு மகன் கூடையில் கொண்டுபோய்த் திணித்ததைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை. இதை நான் முன்பே படித்திருந்தால் ஒரு ஜோடிச் செருப்பு தப்பியிருக்கும்.

நாய்க்கு நம் துக்கம் தெரியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஏதோ தெரிகிறது. லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் 2012-இல் 18 நாய்களுக்கு முன்னால் ஆட்கள் அழுவதுபோல நடித்தார்கள், சும்மா ராகம் இழுத்தும் காட்டினார்கள். அழுகிறவர் பக்கம்தான் நாய்கள் அதிகம் போயின, அழுதவர் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும். பெல்ஃபாஸ்டில் 2022-இல் இன்னொரு சோதனை: ஆட்களுக்குக் கஷ்டமான மனக்கணக்குக் கொடுத்துப் பதற வைத்து, அதற்கு முன்னும் பின்னும் வியர்வையும் மூச்சும் எடுத்து வைத்தார்கள். பயிற்சி கொடுத்த நான்கு நாய்கள் பதற்றத்தின் வாசனையை 93.75 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தன. மனக்கணக்கென்றால் யாருக்குத்தான் வியர்க்காது. ஆனால் இதிலிருந்து, "என் கணவர் இறந்தது நாய்க்குப் புரிகிறது" என்று முடிவுக்கு வரமுடியாது. நீங்கள் கலங்கியிருப்பது அதற்குத் தெரிகிறது, காரணம் தெரியவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. சித்தி சொன்ன "அழாத" என்ற வார்த்தையை அது சொல்லாது என்பதே எவ்வளவோ.

மனநல சிகிச்சையில் நாயின் இடம் தற்செயலாக வந்தது. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை மனநல நிபுணரிடம் ஜிங்கிள்ஸ் என்று ஒரு நாய் இருந்தது. யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் ஒரு நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட, நாய் ஓடிப்போய் அவனை நக்க, பையன் அதனோடு விளையாட ஆரம்பித்துவிட்டான். இதைப் பற்றி லெவின்சன் 1962-இல் எழுதியபோது சக நிபுணர்களில் சிலர் கேலி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்கெல்லாம் ஆசானான ஃபிராய்டே யோஃபி என்ற தன் நாயை, 1937-இல் அது சாகும் வரைக்கும், நோயாளிகளைப் பார்க்கும் அறையில் படுக்க வைத்திருந்தவர்தான்.

போனவர் வளர்த்த நாய்

சில வீடுகளில் நாய் புதிதாக வருவதில்லை, இறந்தவர் வளர்த்தது மிஞ்சி நிற்கும். அதுவும் துக்கத்தில்தான் இருக்கும். இத்தாலியில் 2022-இல் 426 நாய் வளர்ப்பவர்களிடம், வீட்டிலிருந்த நாய்களில் ஒன்று இறந்தபின் மிஞ்சிய நாய் எப்படி இருந்தது என்று கேட்டதில், 86 சதவீதம் பேர் மாற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள்: விளையாட்டுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது, நம்மை ஒட்டியே திரிந்தது. மனிதர் இறந்தாலும் இதையெல்லாம் பார்க்கலாம், கேட்டைப் பார்த்தபடியே படுத்துக் கிடக்கும். பழைய நேரத்துக்கே சோறு வையுங்கள், பழைய வழியிலேயே கூட்டிப்போங்கள். அதை வெளித் திண்ணைக்குத் தள்ளுவதோ, "அவர் இல்லாம இத யார் பார்க்க" என்று பதினாறு முடிவதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுவதோ வேண்டாம். கொஞ்ச நாள் பொறுத்து முடிவெடுக்கலாம்.

டோக்கியோவின் ஹச்சிகோ கதை எல்லோருக்கும் தெரியும். 1925-இல் பேராசிரியர் உயேனோ இறந்த பிறகு, 1935-இல் தான் சாகும்வரை ஷிபுயா ஸ்டேஷனுக்கு வந்துகொண்டே இருந்த நாய். அது காத்திருந்தது எஜமானுக்காகவா, ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் கோழிக்கறிக்காகவா என்று ஜப்பானில் சண்டையே நடந்திருக்கிறது. செத்தபின் அறுத்துப் பார்த்தபோது வயிற்றில், கோழிக்கறியைக் கோர்த்துச் சுடும் யாகிடோரிக் குச்சிகளும் இருந்தன. எங்கள் மணியைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சண்டையே அர்த்தமில்லாததாகப் படுகிறது. பொறைக்காகத்தான் அது வந்தது. அப்பாவுக்காகவும் வந்தது. இதில் எது எவ்வளவு என்று அதற்கே தெரியாது.

நம் ஊரிலும் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. சண்டையில் செத்த வீரனுக்கு எடுத்த கல், அவன் பக்கத்திலேயே நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும் சொல்லி, அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1400 வருடத்துக்கு முன்னால், ஒரு நாயின் பெயர் மறந்துபோகக்கூடாது என்று ஒரு ஊர் நினைத்திருக்கிறது.

வாங்குவதற்கு முன்

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே யாருக்காவது நாய் வாங்கிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். துக்கத்தில் இருப்பவர் தானே கேட்டால் மட்டும் யோசியுங்கள், அப்போதும் குட்டி வேண்டாம். மூன்று நான்கு வயதான, அமைதியான, மனிதரோடு பழகிய நாய் நல்லது. தூக்கி வளர்க்கும் சக்தி, பணம், வீட்டுக்காரர் சம்மதம், ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்ற கேள்வி எல்லாமே இருக்கின்றன. வயதானவர்களுக்கு இழுத்துக்கொண்டு ஓடும் பெரிய நாய் ஆபத்து, ஒரு இழுப்பில் இடுப்பெலும்பு போய்விடும். வேட்டைக்கென்று வளர்ந்த ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரியான நாய்களுக்கு ஓட இடம் வேண்டும், இரண்டு அறை பிளாட்டில் அவை படும்பாடு தனித் துக்கம்.

முழுசாகப் பொறுப்பேற்க முடியாதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் நாயைப் பார்த்துக்கொள்ளலாம், காப்பகத்தில் இருக்கும் நாயைக் கொஞ்ச காலம் மட்டும் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுக்கலாம். சென்னையில் புளூ கிராஸ் மாதிரி விலங்கு நல அமைப்புகளில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

தெரு நாயோடு பழகுவதாக இருந்தால் ரேபிஸ் ஊசியில் விளையாட்டுக் கூடாது. எங்கள் மணியை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு, கருத்தடையும் செய்த பிறகுதான் கேட்டுக்குள் படுக்கவிட்டோம். குட்டியென்றால் மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி, பொதுவாக வருடம் ஒருமுறை. எந்த நாய் கடித்தாலும், லேசாகக் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் பிழைப்பே கிடையாது.

இன்னொரு கசப்பான கணக்கு. நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து வருடம். துக்கத்தைத் தாங்கத் துணைவந்ததே ஒரு நாள் துக்கமாகும். "ஒரு நாய்க்குப் போய் இப்படியா" என்று ஊர் கேட்கும், பதினாறும் கிடையாது, பந்தலும் கிடையாது. இது தெரிந்துதான் எடுக்க வேண்டும்.

நாயால் முடியாதது

துக்கம் எல்லோருக்கும் ஊஞ்சல் மாதிரிப் போய் வந்துவிடாது. இறந்தவருக்கான ஏக்கம் நாள் முழுக்க, தினம் தினம் அதே கூர்மையோடு மாதக்கணக்கில் தொடர்ந்து, எழுந்து குளிப்பதே முடியாமல் போனால், அதை இப்போது நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவம் அடையாளம் காண்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஆறு மாதத்தை எல்லையாக வைக்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறார்கள். இதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது, பலருக்கு நன்றாகவே உதவுகிறது. வாழவேண்டாம் என்ற நினைப்பு வந்தால் ஆறு மாதமும் பார்க்க வேண்டாம், ஆறு நிமிடமும் பார்க்க வேண்டாம்: டெலி மானஸ் உதவி எண் 14416, அரசு நடத்துவது, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். நாய் பக்கத்தில் படுத்திருக்கும், அது செய்யக்கூடியது அவ்வளவே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மனிதர்தான் வேண்டும்.

அம்மா எப்போது தேறினார் என்று என்னைக் கேட்டால் தேதி சொல்லத் தெரியாது. ஒரு வார்த்தையைச் சொல்லுவேன். எங்கள் பக்கம் எதற்கெடுத்தாலும் "சவம்" என்று திட்டுவோம். எரியாத அடுப்பு சவம், சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை சவம், பாதி நேரம் அது கொஞ்சல்தான். அப்பாவைக் கிடத்தியிருந்த அன்றிலிருந்து அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்கவில்லை. எட்டு ஒன்பது மாதம் கழித்து ஒரு சாயங்காலம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் என்னை விட்டுவிட்டு, "ஏ சவமே, கால்ல விழுந்து சாவாத, வைக்கேன் இரு" என்று ஒரு சத்தம். எனக்குப் பதில் சொல்லாமலே போனை வைத்துவிட்டார். மணி பார்த்தேன், ஆறு அஞ்சு.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அடுப்படியில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரைப் புரட்டினேன். மாசியில் அப்பாவின் திவசத் திதியைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். அதற்கு நாலு கட்டம் தள்ளி, அதே பேனாவில் இன்னொரு வட்டம் போட்டு, "மணி ஊசி" என்று எழுதியிருந்தது.